வாயிலுக்கு வரும் விந்தைகள்

(விழா அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை கடலோரமாய் நீண்டு கிடக்கும் வடசென்னையில் குடும்பம் நடத்துவோர், நீரையும் காற்றையும் ஐயத்தோடு நோக்கப் பழகியவர்கள். துறைமுகமும், அனல்மின் நிலையமும், உர ஆலையும், எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் அண்டை வீடுகளாய் அமைந்த இடத்தில் அந்த ஐயம் முற்றிலும் நியாயமானது. ஆயின் நியாயமான அச்சம் எங்கே குடியிருக்கிறதோ, அங்கே அதனை விலைப்பட்டியலாக மாற்றத் தெரிந்த வணிகரும் வந்து சேர்வர். அச்சம் மெய்யானது என்பதனால், அதற்கு மருந்தென்று விற்கப்படும் பொருளும் மெய்யானது ஆகிவிடாது. இவ்விரண்டையும் பிரித்துப் பார்ப்பதே இவ்வுரையின் பொருள்.

சமந்தபத்திரர் அருளிய இரத்தின கரண்ட சிராவகாசாரமும், அதன் வழியில் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும் சிராவகர் இல்லங்களில் அறியப்பட்டவை. நற்காட்சியின் எட்டு அங்கங்களில் முதலாவது ஐயமின்மை. நான்காவது அமூட திருஷ்டி, அதாவது மயங்காத பார்வை. முதல் அங்கத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, கைப்பேசியில் வரும் எல்லாச் செய்திகளுக்கும் அந்த ஐயமின்மையை வழங்கிவிடும் வழக்கம் பெருகியுள்ளது. ஆகமத்துக்கு உரிய நம்பிக்கையைக் கருவி விற்பவனுக்கும் அளிக்க வேண்டும் என்று எந்த ஆசாரியரும் சொன்னதில்லை.

முதலில் நீர்.

தண்டையார்பேட்டையிலோ திருவொற்றியூரிலோ நீர் சுத்திகரிப்புக் கருவி விற்க வருபவர், இரண்டு கண்ணாடிக் குவளைகளைக் கேட்டு வாங்குகிறார். ஒன்றில் அவ்வீட்டுக் குழாய் நீர். மற்றொன்றில் அவர் கொண்டுவந்த புட்டியின் நீர். பையிலிருந்து சிறு பெட்டி ஒன்றை எடுத்து, அதிலிருந்து நீளும் உலோகக் கம்பிகளை இரு குவளைகளிலும் இறக்கி, மின்சாரத்தைச் செலுத்துகிறார். ஓரிரு நிமிடங்களில் குழாய் நீர் மஞ்சளாகி, பழுப்பாகி, கரும்பச்சைத் திப்பிகள் மிதக்கும் சாக்கடையாகத் தோன்றுகிறது. புட்டி நீரோ பளிங்குபோல் அப்படியே நிற்கிறது. இத்தனை நாளும் குழந்தைகளுக்குக் கொடுத்தது இதைத்தானா என்று இல்லத்தரசியின் முகம் வாடுகிறது. அந்த நொடியிலேயே முன்பணம் கைமாறுகிறது.

நடந்தது யாது? குவளையில் இறங்கிய கம்பிகளில் இரும்பு இருக்கிறது. நீரில் கரைந்துள்ள உப்புகள் மின்சாரத்தைக் கடத்துகின்றன. மின்சாரம் பாய்ந்தவுடன் நேர்முனைக் கம்பியின் இரும்பு கரைந்து, நீரோடு சேர்ந்து துருவாகப் படிகிறது. இராயபுரத்து வீடுகளின் சன்னல் கீல்களில் கடற்காற்று பல ஆண்டுகளில் செய்யும் வேலையை அந்தப் பெட்டி இரண்டு நிமிடத்தில் செய்துவிடுகிறது. குவளையில் தெரிவது நீரிலிருந்த அழுக்கு அன்று. அது கம்பியின் இரும்பு. புட்டி நீரில் உப்பு மிகக் குறைவாதலால் மின்சாரம் பாய்வதில்லை, கம்பி கரைவதில்லை, நீரும் நிறம் மாறுவதில்லை. இதனைச் சோதிக்க ஆய்வுக்கூடம் வேண்டா. தெளிந்து நிற்கும் அக்குவளையில் ஒரு சிட்டிகைச் சமையல் உப்பைப் போட்டு, மீண்டும் ஒருமுறை மின்சாரம் செலுத்துமாறு வந்தவரைக் கேளுங்கள். அவருடைய தூய நீரும் சாக்கடையாகும். பெரும்பாலும் அதற்கு முன்பே அவர் பெட்டியை மூடிவிடுவார்.

அடுத்து அவர் எடுப்பது பேனா போன்ற ஒரு மானி. நீரில் தொட்டவுடன் டி.டி.எஸ். என்ற எண்ணைக் காட்டும். கரைந்த உப்புகளின் மொத்த அளவு என்பது அதன் பொருள். மானி உண்மையில் அளப்பது மின்கடத்தும் திறனை. அதிலிருந்து உப்பின் அளவைக் கணக்கிட்டுச் சொல்கிறது. கிருமி இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. ஒரு குவளை நல்ல நீரில் ஒரு துளி கழிவுநீரைக் கலந்தாலும் அந்த எண் அசையாது. ஆனால் சத்தான இளநீரில் தோய்த்தால் ஆயிரக்கணக்கில் ஏறும். எண் பெரிதானால் நஞ்சு என்று கொண்டால் இளநீரும் நஞ்சே.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500, லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 2000 வரையிலும் அனுமதிக்கிறது. 500க்குக் குறைவான நீருக்கு ஆர்.ஓ. கருவியே தேவையில்லை, அவ்விடங்களில் அதனைத் தடைசெய்ய வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 மே மாதத்தில் அறிவுறுத்தியது. காரணம் வெளிப்படை. வீட்டில் வைக்கும் கருவி ஒரு லிட்டர் நீரைத் தருவதற்கு இரண்டு மூன்று லிட்டரைச் சாக்கடைக்கு அனுப்புகிறது. அதே 2019ஆம் ஆண்டு கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு 25 லட்சம் லிட்டர் நீரைச் சுமந்து ரயில் வந்ததை யாரும் மறந்திருக்க முடியாது.

ஆர்.ஓ. கருவியே மோசடி என்பதன்று இதன் பொருள். மீஞ்சூர்ப் பகுதியில் நிலத்தடி நீரை அளவின்றி இறைத்ததால் கடல்நீர் உள்ளேறிய கதை பல பத்தாண்டுகளாக ஆராயப்பட்டுவருவது. ஆழ்துளைக் கிணற்றில் உவர்நீர் வரும் வீட்டுக்கு அக்கருவி உண்மையாகவே உதவும். ஆனால் காட்டுப்பள்ளியில் 2010இல் தொடங்கிய கடல்நீர்க் குடிநீராக்கும் ஆலை, நாளொன்றுக்குப் 10 கோடி லிட்டர் திறனுடன் வடசென்னைக்கு அனுப்பும் நீர், அதே எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் ஏற்கெனவே உப்பு நீக்கப்பட்டது. அதனை வீட்டில் மறுபடி ஒருமுறை வடிப்பது, சலித்த மாவைக் காசு கொடுத்து மீண்டும் சலிப்பதாகும். குழாய் நீரில் அஞ்சத்தக்கது வேறு. பழைய குழாய்களில் கழிவுநீர் கசிந்து கலந்தால் வருவது கிருமி. கிருமிக்கு மருந்து, நீர் நன்கு தளதளவென்று கொதித்த பின்னும் ஒரு நிமிடம் அடுப்பில் வைத்திருப்பது. இதற்கு முகவர் இல்லை, தவணை இல்லை, ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தமும் இல்லை. ஆகவேதான் விளம்பரமும் இல்லை.

வடித்தும் காய்ச்சியும் நீர் பருகுவது சிராவகர் இல்லங்களின் தொன்மையான ஒழுக்கம். இங்கே ஒரு நல்ல செய்தியும், அதனை ஒட்டி ஓர் எச்சரிக்கையும் உள. வங்கதேசத்தின் மத்லாப் பகுதிச் சிற்றூர்களில் ரீட்டா கோல்வெல் என்னும் அமெரிக்க நுண்ணுயிரியலாளரும் அவர் குழுவினரும் பழைய சேலைத் துணியைப் பல மடிப்பாக மடித்து நீரை வடிக்கச் செய்து ஆராய்ந்தனர். வடித்துக் குடித்த ஊர்களில் காலரா ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது என்று 2003இல் வெளியிட்டனர். காலராக் கிருமி நீரிலுள்ள கண்ணுக்குத் தெரியாச் சிற்றுயிர்களின் மேல் ஒட்டி வாழ்வது. துணி அச்சிற்றுயிர்களைத் தடுக்கிறது, ஒட்டியிருக்கும் கிருமியும் அவற்றோடு நிற்கிறது. தனியே மிதக்கும் கிருமியையும் வைரஸையும் துணி தடுக்காது, கரைந்த உப்பையும் தடுக்காது.

எச்சரிக்கை இது. நீரை வடிக்கும் ஒழுக்கத்துக்குச் சான்றாக, ஒரு துளி நீரில் 36,450 உயிர்கள் இருப்பதைக் கேப்டன் ஸ்கோர்ஸ்பி என்ற ஆங்கிலேயர் நுண்ணோக்கியில் கண்டார் என்னும் செய்தி சமயக் கையேடுகளிலும், படங்களிலும், இப்போது வாட்ஸ்அப்பிலும் இடையறாது வருகிறது. வில்லியம் ஸ்கோர்ஸ்பி மெய்யானவர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடதுருவக் கடலில் திமிங்கில வேட்டைக் கப்பலை நடத்தியவர், அறிவியல் நாட்டமும் உடையவர். அவர் பார்த்தது குடிநீரை அன்று. நுண்ணுயிர் மிகுந்து நிறம் மாறியிருந்த வடகடல் நீரை. ஒரு கட்டத்துக்குச் சராசரி 50 உயிர்கள் என்று கண்டு, துளி பரவியிருந்த 529 கட்டங்களால் பெருக்கினார். விடை 26,450. எந்தக் கையிலோ எழுத்துப் பிழையாகி அது 36,450 ஆயிற்று. பிறகு யாரும் பெருக்கிப் பார்க்கவில்லை. உயிர்களைக் காக்க வேட்டைக்காரரின் கணக்கைத் துணைக்கு அழைத்தது ஒருபுறம் இருக்கட்டும். கிணற்று நீருக்கும் அந்தத் துளிக்கும் தொடர்பே இல்லை. நீரை வடிப்பது உயிர்களின்மேல் கொண்ட கருணையால். அந்தக் கருணை 26,450க்கும் பொருந்தும், ஒன்றுக்கும் பொருந்தும். அதற்கு இரவல் எண் எதற்கு?

காற்றைப் பற்றிச் சொல்வதற்கு 2023 டிசம்பர் 26 நள்ளிரவே போதும். எண்ணூர்ப் பெரியகுப்பத்தை ஒட்டிய உர ஆலைக்குக் கப்பலிலிருந்து அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவி மீனவர் வலைகளைக் கெடுத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. உறங்கிக்கொண்டிருந்தவர்கள் கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலுமாக எழுந்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினர். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அதன் பிறகு இப்பகுதியில் காற்றுச் சுத்திகரிப்புக் கருவி வாங்கலாமா என்று கேட்காத குடும்பம் அரிது.

கருவியின் அட்டைப்பெட்டியில் 99.97 விழுக்காடு என்று அச்சிட்டிருப்பார்கள். ஹெப்பா எனப்படும் வடிகட்டி 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களை அவ்வளவு தடுக்கும் என்பது உண்மை. துகள்களை மட்டும். அமோனியா துகள் அன்று, வாயு. ஹெப்பாவின் வழியே அது தடையின்றிச் செல்லும். என்-95 முகக்கவசமும் அவ்வாறே. சில கருவிகளில் கூடவே வரும் சாதாரணக் கரித்தூள் வடிகட்டியும் அமோனியாவைப் பிடித்துவைப்பதில் மிகவும் பலவீனமானது. அமோனியா நீரில் எளிதில் கரையும். ஆதலால் அந்த நேரத்தில் மூக்கின்மேல் வைத்த ஈரத்துணி, பதினையாயிரம் ரூபாய்க் கருவியைவிட மேலானது; அதனினும் மேலானது காற்று வரும் திசைக்குக் குறுக்காக விலகிச் செல்வது. அனல்மின் நிலையச் சாம்பலும் லாரிப் புழுதியும் நிறைந்த தெருவில், சன்னல் மூடிய ஓர் அறையில், ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு ஹெப்பாக் கருவி ஓரளவு பயன் தரும். அதை மறுப்பதற்கில்லை. அந்த ஓரளவு பயனை முழுப் பாதுகாப்பு என்று விற்பதுதான் பிழை. மேலும், தெருவின் காற்றைத் தூய்மையாக்கும் பொறுப்பு ஆலைக்கும் அரசுக்கும் உரியது. தத்தம் அறைக்கு ஒரு கருவி வாங்கிவிட்டோம் என்னும் நிறைவு வந்தவுடன் அந்தப் பொறுப்பைக் கேட்கும் குரல்கள் தேய்கின்றன. (2017 ஜனவரி 28 அன்று காமராசர் துறைமுகத்தருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கரை ஒதுங்கியபோது, தன்னார்வலர் அதனை வாளிகளில் அள்ளினர். மூன்று வாரத்துக்குள் இதே கடற்கரைக்கு வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஒரே ராக்கெட்டில் 104 செயற்கைக்கோள்கள் ஏறின. தொழில்நுட்பம் இல்லாத நாடு என்று எவரும் சொல்ல முடியாது.)

கைப்பேசியின் முதுகில் ஒட்டும் கதிர்வீச்சுத் தடுப்பு வில்லைகளைப் பற்றி நெடிது பேச வேண்டியதில்லை. வில்லை கதிரை உண்மையில் தடுத்தால் பேசி கோபுரத்தோடு தொடர்பை இழக்கும். அழைப்பு வந்துகொண்டே இருந்தால் வில்லை ஒன்றும் செய்யவில்லை. இந்தியாவில் விற்கப்படும் பேசிகள் உடலில் செலுத்தும் அலையாற்றல் கிலோவுக்கு 1.6 வாட்டுக்கு மிகக்கூடாது என்பது 2012 முதல் விதி. விசைப்பலகையில் *#07# என்று அழுத்தினால் பெரும்பாலான பேசிகள் தம் அளவைத் தாமே காட்டும். அதற்குக் கட்டணம் இல்லை.

உடல்நலத்தைப் பற்றிய வாக்குறுதிகளுக்கு வருவோம். நோன்பு நோற்பதன் பயனைக் கண்டறிந்தவருக்கு நோபல் பரிசு என்ற செய்தி பருவ நாள்களில் தவறாமல் சுற்றுகிறது. 2016இல் மருத்துவ நோபல் பெற்றவர் ஜப்பானியரான யோஷினோரி ஓசுமி. உயிரணு தன் பழுதான உறுப்புகளைத் தானே சிதைத்து மீண்டும் பயன்கொள்ளும் தன்னுண்ணல் என்னும் செயலின் நுட்பத்தை, ரொட்டி சுடும் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரில் அவர் ஆராய்ந்தார். அட்டமி, சதுர்த்தசி உபவாசத்தையோ இரவுண்ணாமையையோ அவர் ஆராயவில்லை. வினை நீங்க நோற்கும் நோன்பை எடைக் குறைப்புத் திட்டமாகச் சுருக்குவது அந்த நோன்புக்கும் பெருமை அன்று. இதில் உயிருக்கே கேடு விளைவிப்பது ஒன்று உண்டு. நீரிழிவுக்கு இன்சுலினோ சிலவகை மாத்திரைகளோ எடுத்துக்கொள்பவர், நோன்பே மருந்து என்ற செய்தியை நம்பி, மருந்தை வழக்கம்போல் உட்கொண்டு உணவை விட்டால், சர்க்கரை திடீரென்று வீழ்ந்து மயங்கிவிடக்கூடும். மருந்தை விட்டாலோ எதிர்த்திசையில் இடர். நோன்புக்கு முன் மருத்துவரைக் கேட்டு மருந்தின் அளவை மாற்றிக்கொள்வது விரதத்துக்கு இழுக்கு ஆகாது.

சர்க்கரையை வேரோடு நீக்குவோம் என்று சுவரொட்டியிலும் தொலைக்காட்சியிலும் சொல்பவர்களைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் 54 நோய்களைப் பட்டியலிட்டு, அவற்றைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதையே குற்றம் என்கிறது. நீரிழிவும் புற்றும் அப்பட்டியலில் உள்ளன. குணமாகுமா ஆகாதா என்ற வாதத்துக்கே அங்கு இடமில்லை. அந்த விளம்பரமே சட்டத்துக்குப் புறம்பானது.

கொரோனாக் காலத்தில் நடந்த ஒரு வழக்கு, தொழிற்சாலைப் பகுதியினருக்குச் சுவையாக இருக்கும். 2020 ஜூனில் பதஞ்சலி நிறுவனம் ‘கொரோனில்’ என்ற மாத்திரையைத் தொற்றைக் குணமாக்கும் மருந்தென்று அறிமுகம் செய்தது. அதே நாளில் ஆயுஷ் அமைச்சகம் விளம்பரத்தை நிறுத்தச் சொன்னது. இதற்கிடையே சென்னையின் அருத்ரா இன்ஜினியரிங் என்னும் நிறுவனம் உயர்நீதிமன்றத்தை அணுகியது. ‘கொரோனில்-92 பி’ என்பது 1993 முதல் அதன் வணிகக் குறி. ஆலைகளின் எந்திரங்களை அமிலத்தால் கழுவும்போது உலோகம் அரிக்காமல் காக்கும் வேதிப்பொருளின் பெயர். 2020 ஆகஸ்டில் தனி நீதிபதி, மக்களின் அச்சத்தைப் பயன்படுத்திக்கொண்டதாகக் கண்டித்து, அப்பெயரைப் பயன்படுத்தத் தடையும் 10 லட்சம் ரூபாய் செலவுத்தொகையும் விதித்தார். வணிகக் குறியைப் பற்றிய அந்த ஆணையை மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வு நீக்கிற்று என்பதையும் சொல்லவேண்டும். மருந்தாகும் என்ற கூற்றோ, எதிர்ப்பாற்றலுக்குத் துணை என்ற அளவுக்குச் சுருங்கியது. தவறான விளம்பரங்களுக்காக அந்நிறுவனத்தார் 2024இல் உச்சநீதிமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது செய்தித்தாள் படித்த அனைவரும் அறிந்தது.

மூலிகை வணிகர் மட்டுமே இவ்வழியில் நடப்பவர் என்று எண்ணவேண்டா. வெள்ளை அங்கியிலும் இது உண்டு. முழு உடற்பரிசோதனை, அறுபது சோதனைகள், இன்று மட்டும் பாதி விலை என்று குறுஞ்செய்தி வருகிறது. ஆய்வகச் சோதனைகளின் இயல்பளவு என்பது, நலமாய் உள்ளோரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு அமையும் எல்லை. எஞ்சிய ஐவர் நலமாகவே இருந்தும் எல்லைக்கு வெளியே நிற்பர். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இருபது சோதனைகளை நலமான ஒருவருக்குச் செய்தால், ஏதேனும் ஒன்றில் சிவப்பு எழுத்து வருவதற்கு வாய்ப்பு நூற்றுக்கு அறுபத்துநான்கு. அறுபது சோதனைகளில் எல்லாம் கறுப்பாக வருவதே வியப்பு. அந்தச் சிவப்பு எழுத்தைத் தொடர்ந்து ஸ்கேன், ஸ்கேனைத் தொடர்ந்து இன்னொன்று. பாதி விலைக்குக் கொடுத்ததன் மறுபாதி அப்போது கிடைக்கிறது. இரத்த அழுத்தம், சர்க்கரை போன்றவற்றை வயதுக்கேற்பப் பார்ப்பது தேவை. எவற்றைப் பார்ப்பது என்பதை நோயாளியைத் தொட்டுப் பார்த்த மருத்துவர் சொல்லவேண்டும், தள்ளுபடிச் செய்தி சொல்லக்கூடாது. பழைய வண்ணாரப்பேட்டையில் மருத்துவர் ஜெயச்சந்திரனும், வியாசர்பாடியில் மருத்துவர் திருவேங்கடமும் இரண்டு ரூபாயும் ஐந்து ரூபாயும் வாங்கிக்கொண்டு நெடுங்காலம் பார்த்த வைத்தியம் அவ்வகையானது. முதலாமவர் 2018 டிசம்பரிலும், அடுத்தவர் 2020 ஆகஸ்டிலும் மறைந்தனர். அவர்கள் விளம்பரம் செய்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை.

இனி விளையாட்டு. சப்த வியசனங்களில் சூது முதலில் எண்ணப்படுவது தற்செயல் அன்று. மற்ற ஆறும் அதன் பின்னே தாமாக வந்து நிற்கும். தமிழகம் சூதோடு கொண்ட உறவு விந்தையானது. 1968இல் அரசே பரிசுச்சீட்டு நடத்தத் தொடங்கியது. விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்பது அதன் முழக்கம். கூலி வாங்கிய கையோடு சீட்டுக் கடையில் நின்ற சுமைத் தொழிலாளரைத் துறைமுகப் பகுதி நன்கு அறியும். 2003இல் தமிழக அரசு பரிசுச்சீட்டைத் தடைசெய்தது. அந்தக் கடை மறைந்தது. பதினைந்து ஆண்டுகளில் அதைவிடப் பெரிய கடை ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் திறந்துகொண்டது.

ஆன்லைன் ரம்மிக்கு ஆதரவாகச் சொல்லப்பட்ட வாதம், அது திறமை விளையாட்டு என்பது. 1968இல் உச்சநீதிமன்றம் ரம்மியைத் திறமை மேலோங்கிய ஆட்டம் என்று கூறியது உண்மை. அது ஒரு மன்றத்தில் நேருக்கு நேர் அமர்ந்து ஆடிய ஆட்டத்தைப் பற்றியது. அந்த வாதத்தைச் சுற்றியே வழக்குகள் சுழன்றன. தமிழகத்தின் 2021 சட்டத் திருத்தத்தை உயர்நீதிமன்றம் அவ்வாண்டு ஆகஸ்டில் செல்லாது என்றது. 2022இல் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு அமைந்து அறிக்கை தந்தது. புதிய சட்ட மசோதா ஆளுநரால் திருப்பப்பட்டு, மீண்டும் நிறைவேறி, 2023 ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. அவ்வாண்டு நவம்பரில் உயர்நீதிமன்றம் சட்டத்தை ஏற்று, ரம்மியையும் போக்கரையும் தடைப்பட்டியலிலிருந்து நீக்கியது. நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை ஆடக்கூடாது என்னும் மாநில விதியை 2025 ஜூனில் அதே நீதிமன்றம் ஏற்றது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறமையா வாய்ப்பா என்ற வினாவையே புறந்தள்ளி, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நடத்துவதைத் தடைசெய்தது. ஆடுபவருக்கு அச்சட்டத்தில் தண்டனை இல்லை, நடத்துபவருக்கே உண்டு.

திறமை இருந்தால் வெல்லலாமே என்று இளைஞர் கேட்பதுண்டு. அவருக்கு அறவுரை வேண்டா, ஒரு கணக்குப் போதும். சிலர் சேர்ந்து ஆயிரம் ரூபாயை மேசையில் வைக்கின்றனர். ஒவ்வொரு சுற்றுக்கும் செயலி பத்து விழுக்காடு தரகு எடுப்பதாகக் கொள்வோம். யார் வென்றாலும், அதே பணத்தை வைத்து அவர்கள் பத்துச் சுற்று ஆடி முடிக்கும்போது மேசையில் எஞ்சுவது ஏறத்தாழ 350 ரூபாய். எல்லாரும் மேதைகளாக இருப்பினும் இதே 350தான். 650 ரூபாயை வென்றவர் ஆட்டத்தில் அமரவே இல்லை. திறமை என்பது எஞ்சியதை யார் எடுப்பது என்பதை மட்டுமே தீர்மானிக்கிறது. இப்போது தடைக்குப் பின், வெளிநாட்டிலிருந்து இயங்கும் தளங்கள் டெலிகிராம் வழியே இணைப்பு அனுப்பி அழைக்கின்றன. அங்கே தரகு எவ்வளவு என்பதைக்கூட யாரும் சொல்வதில்லை. வென்ற பணம் வெளியே வரும் என்பதற்கும் உறுதியில்லை.

பிள்ளைகள் ஆடும் பிற விளையாட்டுகளைப் பற்றிய அச்சத்திலும் அளவு தேவை. உலக நலவாழ்வு நிறுவனம் விளையாட்டுக் கோளாறு என்ற ஒன்றை 2022 முதல் நடைமுறையில் உள்ள நோய்ப் பட்டியலில் சேர்த்துள்ளது. ஆட்டத்தின்மேல் கட்டுப்பாடு இழந்து, படிப்பும் உறவும் கெட்டு, பொதுவாகப் பன்னிரண்டு மாதம் அந்நிலை நீடித்தால் மட்டுமே அது நோய். விடுமுறையில் மூன்று மணி நேரம் ஆடிய பையன் நோயாளி அல்லன். அவனை நோயாளி என்று சொல்லிச் சிகிச்சைத் தொகுப்பு விற்கும் நிலையங்களும் முளைத்துள்ளன. நடுமூளையைத் தூண்டிக் கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்கவைப்போம் என்று பல்லாயிரம் வாங்கியோரும் இதே அங்காடியினரே. மங்களூரின் நரேந்திர நாயக் அதனைப் பலமுறை சோதித்துக் காட்டினார்: மூக்கின் இருபுறமும் உள்ள இடுக்கை நன்றாக அடைத்தவுடன் அந்த ஆற்றல் மறைந்துவிடும். பெற்றோர் செய்யவேண்டிய முதற்காரியம் மிக எளியது. தங்கள் கைப்பேசியில் பணம் செலுத்தும் செயலியின் ரகசிய எண்ணைப் பிள்ளைக்குச் சொல்லாதிருப்பது. விளையாட்டுக் கணக்கில் வங்கி அட்டையைச் சேமித்து வைக்காதிருப்பது.

திறமை விளையாட்டு எது என்று காண விரும்புவோர் வடசென்னையின் சந்துகளில் மாலை வேளையில் நடந்து பார்க்கலாம். மின்விளக்கின் கீழே கேரம் பலகை. நான்கு பேர் ஆட, பத்துப் பேர் நின்று பார்ப்பர். காய் எங்கே போயிற்று என்பது எல்லார் கண்ணுக்கும் தெரியும்; தரகர் இல்லை. அத்தகைய தெருவிலிருந்து, புதுவண்ணாரப்பேட்டையின் ஆட்டோ ஓட்டுநர் மகளான காசிமா, 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்று திரும்பினார்.

பணம் ஏற்கெனவே போய்விட்ட குடும்பங்களும் இந்த அவையில் இருக்கக்கூடும். ஊராருக்குத் தெரிந்துவிடும் என்னும் நாணத்தால் நாள்களைக் கடத்துவதே மோசடி செய்தவனுக்குக் கிடைக்கும் பெரிய உதவி. இணையவழிப் பண மோசடிக்கு 1930 என்ற எண். உடனே அழைத்தால், பணம் அடுத்த கணக்குக்குத் தாவுமுன் நிறுத்திவைக்க வாய்ப்புண்டு. பொருளைப் பற்றிய பொய் விளம்பரத்துக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். அதில் தோன்றி வாங்கச் சொல்லும் நடிகரும் அதற்கு விலக்கல்லர். மருத்துவ ஐயங்களுக்குத் தமிழக அரசின் 104. அழைக்கும்போது பணம் சென்ற நேரம், வங்கியின் பெயர், பரிமாற்ற எண் ஆகியவற்றையும், பொருளாயின் விற்பனைச் சீட்டையும் கையில் வைத்துக்கொள்வது நல்லது.